டர்போவைக் கடைசியில் வாங்குங்கள்: மலையக வீதிகளில் ஓடும் காருக்கு அளவு பார்க்கும் முறை

இலங்கை மலையகத்து ஹட்டனில் சிறிய கராஜ் ஒன்று நடத்துகிறேன். டர்போ, அதாவது எஞ்சின் புகையால் சுழன்று உள்ளே கூடுதல் வளியைத் தள்ளும் கருவி, பொருத்த வேண்டும் என்று வருகிற தம்பிமாரில் பெரும்பாலானோர் டர்போவைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் வாங்கி, பழைய சாக்கில் சுற்றி, கொழும்பிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருப்பார்கள். "அண்ணே, நல்ல சாமான், மலிவாகக் கிடைத்தது. என் கொரோலாவுக்குப் போட்டுத் தாருங்கள்" என்பார்கள். எந்த எஞ்சினில் இருந்து கழற்றியது என்று கேட்டால் பதில் இருக்காது.

டர்போ வாங்குவது இந்த வேலையின் கடைசிப் படிகளில் ஒன்று. அதற்கு முன் ஒரு கொப்பி, ஒரு பேனா, ஒரு கல்குலேட்டர் வேண்டும். மலையகத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இணையத்தில் கிடைக்கும் அளவுப் பட்டியல்கள் அநேகமாகக் கடல் மட்டத்தில் ஓடும் கார்களுக்கானவை. அதே டர்போவை நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தால் அது வேறொரு டர்போவாக நடந்துகொள்ளும். ஏன் என்பது 5ஆம், 6ஆம் படிகளில் வருகிறது. அவசரக்காரர்கள் அந்த இரண்டையுமாவது வாசியுங்கள்.

உதாரணத்துக்கு இங்கே அதிகம் ஓடும் எஞ்சினையே எடுத்துக்கொள்கிறேன்: டொயோட்டா 4ஏ-எஃப்ஈ. 1,587 சிசி, நான்கு சிலிண்டர், 16 வால்வு, இறுக்க விகிதம் 9.5க்கு 1.

1. நான்கு விடயங்களை முதலில் எழுதுங்கள்

முதலாவது, கார் எந்த உயரத்தில் ஓடும். வீடு இருக்கும் ஊர் மட்டும் போதாது. நீங்கள் போகும் மிக உயர்ந்த ஊரையும் மிகத் தாழ்ந்த ஊரையும் இரண்டு வரிகளாக எழுதுங்கள். நுவரெலியாவின் மகாகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப் போட்டிக்கு மட்டும் ட்ரெயிலரில் ஏற்றிப் போகும் காருக்கு ஒரே உயரம். தினமும் ஓட்டி, மாதம் ஒருமுறை கொழும்புக்கு இறங்கும் காருக்கு இரண்டு உயரங்கள். இந்த இரண்டாவது வகைதான் சிக்கலானது.

இரண்டாவது, எந்தச் சுற்று வேகத்தில் இழுவை வேண்டும். மூன்றாவது, எத்தனை குதிரைவலு. நான்காவது, என்ன பெற்றோல். 95 ஒக்டேன் எல்லா ஊர்களிலும் எல்லா நாட்களிலும் கிடைப்பதில்லை. அதனால் தெருவில் ஓடும் காரை 92க்கே கணக்குப் பாருங்கள். 95 கிடைத்த நாளில் அது கூடுதல் பாதுகாப்பு, அவ்வளவுதான்.

என் உதாரணத்துக்கு: உயர்ந்த ஊர் நுவரெலியா, தாழ்ந்த ஊர் கொழும்பு, 150 குதிரைவலு, உச்சம் நிமிடத்துக்கு 6,300 சுற்றில், பெற்றோல் 92. உள்ளே எதையும் மாற்றாத 4ஏ-எஃப்ஈக்கு இதற்கு மேல் கேட்க வேண்டாம். அதன் கொனெக்டிங் ரொட் மெல்லியது.

சட்டப் பக்கத்தையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். எஞ்சினில் செய்யும் மாற்றத்தைப் பற்றி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வருடாந்த அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனை தேவை. கறுப்புப் புகை கக்கும் டர்போ கார் அங்கேயே நின்றுவிடும்.

2. எஞ்சின் தாங்குமா என்று அளந்து பாருங்கள்

எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, த்ரொட்டிலை முழுவதும் திறந்து கொம்பிரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் வளியை எவ்வளவு அமுக்குகிறது என்று, மானியால் பாருங்கள். நான்கும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் தாழ்ந்திருந்தால் டர்போப் பேச்சை நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்யுங்கள். பூஸ்ட், அதாவது டர்போ தரும் கூடுதல் அமுக்கம், ஏறும்போது முதலில் கைவிடுவது அந்த சிலிண்டர்தான்.

இங்கே மலையகத்தில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. புத்தகத்தில் 190 பீஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) என்று இருக்கும், மானி 163 காட்டும். "பிஸ்டன் ரிங் போய்விட்டது" என்று எஞ்சினை இறக்கிவிடுவார்கள். ரிங்கில் ஒரு பழுதும் இருக்காது. ஹட்டனில் உள்ளே போகும் வளியே ஐதானது. கடல் மட்டத்தில் 190 காட்டும் நல்ல எஞ்சின் ஹட்டனில் ஏறத்தாழ 163, நுவரெலியாவில் ஏறத்தாழ 152 காட்டுவதே முறை. எண்ணைவிட நான்கு சிலிண்டருக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பாருங்கள்.

ரேடியேட்டர் மூடியையும் மாற்றிவிடுங்கள். நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸில் கொதிக்கும். மூடி அமுக்கத்தைப் பிடித்துவைத்தால்தான் அது தாமதமாகும். டர்போ பொருத்திய பிறகு வெப்பம் கூடும், குறையாது.

3. எவ்வளவு வளி வேண்டும்

வலு என்பது எரிந்த பெற்றோல். பெற்றோல் எரிய வளி வேண்டும். அதனால் முதலில் கேட்க வேண்டியது பூஸ்ட் எத்தனை என்றல்ல, நிமிடத்துக்கு எவ்வளவு திணிவு வளி என்றுதான்.

டர்போவில் வளியை அமுக்கும் பக்கம் கம்பிரசர். அதற்கு உற்பத்தியாளர் தரும் வரைபடங்களில் பெரும்பாலானவை இறாத்தலில் இருக்கின்றன. பாண் வாங்கும் அதே இறாத்தல்தான். சற்றுச் செறிவான கலவையில் ஓடும் பெற்றோல் டர்போ எஞ்சினுக்கு, நிமிடத்துக்கு ஓர் இறாத்தல் வளி 9 முதல் 10 குதிரைவலு தரும். நான் 9.3 என்று எடுத்துக்கொள்கிறேன்.

150 ÷ 9.3 = நிமிடத்துக்கு 16.1 இறாத்தல், அதாவது 7.3 கிலோகிராம்.

இந்த 7.3 கிலோகிராம் கொழும்பிலும் மாறாது, நுவரெலியாவிலும் மாறாது. 150 குதிரைவலு வேண்டுமென்றால் இவ்வளவு வளி உள்ளே போயே ஆக வேண்டும். ஊருக்கு ஊர் மாறுவது, இதை உள்ளே தள்ள டர்போ படும் பாடு.

4. மெனிஃபோல்டில் எவ்வளவு அமுக்கம் வேண்டும்

மெனிஃபோல்ட் என்பது சிலிண்டர்களுக்கு வளியைப் பிரித்துக் கொடுக்கும் குழாய். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கனவளவு வளியை இழுக்கும். ஆகவே 6,300இல் பாதி, 3,150. நிரப்புத் திறனை, அதாவது சிலிண்டர் உண்மையில் எவ்வளவு நிரம்புகிறது என்பதை, 0.9 என்று வைத்தால்:

1.587 லீற்றர் × 3,150 × 0.9 = நிமிடத்துக்கு ஏறத்தாழ 4,500 லீற்றர், அதாவது 4.5 கன மீற்றர்.

இந்த 4.5 கன மீற்றருக்குள் 7.3 கிலோகிராம் அடங்க வேண்டும். எனவே வளியின் அடர்த்தி கன மீற்றருக்கு 1.62 கிலோகிராம். அமுக்கியதால் சூடான வளியைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டி உள்ளே போகும் வளி 54 பாகை செல்சியஸ் என்று கொண்டால், தனி வெப்பநிலை 327 கெல்வின். வாயு விதிப்படி (287 என்பது வளிக்குரிய மாறிலி):

1.62 × 287 × 327 = 152,000 பாஸ்கல், அதாவது 152 கிலோபாஸ்கல்.

இது தனி அமுக்கம். வெற்றிடத்தைப் பூச்சியமாக வைத்து அளந்தது. டாஷ்போர்டில் ஒட்டும் பூஸ்ட் மானி வெளியே இருக்கும் வளியைப் பூச்சியமாக வைத்து அளக்கிறது. புதியவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் நான் பார்த்ததே இல்லை. கொப்பியில் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் "தனி" அல்லது "மானி" என்று எழுதிவிடுங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும், ஆனால் நானும் இன்றுவரை அப்படித்தான் எழுதுகிறேன்.

5. அமுக்க விகிதம் ஊரோடு மாறும்

கம்பிரசருக்கு பீஎஸ்ஐ தெரியாது. உள்ளே வந்த அமுக்கத்தை எத்தனை மடங்காக்கி வெளியே தள்ளுகிறோம் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அந்த மடங்குதான் அமுக்க விகிதம்.

மேலே இருப்பது 152. இன்டர்கூலரிலும் குழாய்களிலும் ஏறத்தாழ 10 கிலோபாஸ்கல் இழப்போம். ஆகவே கம்பிரசர் வாயில் 162 வேண்டும். கீழே இருப்பது ஊரின் வளிமண்டல அமுக்கம். அதிலிருந்து எயார் ஃபில்டருக்காக 4 கழியுங்கள்.

கொழும்பு: வெளியே 101, ஃபில்டருக்குப் பின் 97. விகிதம் 162 ÷ 97 = 1.67.

ஹட்டன், ஏறத்தாழ 1,270 மீற்றர்: வெளியே 87, பின் 83. விகிதம் 1.95.

நுவரெலியா, 1,868 மீற்றர்: வெளியே 81, பின் 77. விகிதம் 2.10.

அதே கார், அதே எஞ்சின், அதே 150 குதிரைவலு. கொழும்பில் வளியை ஒன்றே முக்கால் மடங்குக்கும் குறைவாக அமுக்கினால் போதும் என்றிருந்த டர்போ, நுவரெலியாவில் இரண்டு மடங்குக்கு மேல் அமுக்க வேண்டியிருக்கிறது.

மானியில் இது எப்படித் தெரியும் என்றும் பாருங்கள். 152இல் இருந்து வெளி அமுக்கத்தைக் கழித்தால் கொழும்பில் 51 கிலோபாஸ்கல், அதாவது 7.4 பீஎஸ்ஐ. ஹட்டனில் 9.4. நுவரெலியாவில் 10.3. "என் கார் 10 பீஎஸ்ஐ அடிக்கிறது" என்று நுவரெலியாக்காரர் சொல்வதும் "என் கார் ஏழரை அடிக்கிறது" என்று கொழும்புக்காரர் சொல்வதும் எஞ்சினுக்கு ஒரே சங்கதி. அடுத்தமுறை யாராவது பூஸ்ட் எண்ணைச் சொல்லிப் பெருமை பேசினால், எந்த ஊரில் என்று கேளுங்கள்.

6. கம்பிரசர் வரைபடத்தில் புள்ளி வையுங்கள்

வரைபடத்தின் நிலைக்குத்து அச்சு அமுக்க விகிதம், கிடை அச்சு வளியோட்டம். நடுவில் தீவு தீவாக வளையங்கள் இருக்கும். உள்வளையத்தில் திறன் அதிகம். இடது ஓரக் கோடு சர்ஜ் எல்லை. அதற்கு இடப்பக்கம் போனால் வளி திரும்பி ஓடும். வலது ஓரம் மூச்சுமுட்டும் எல்லை. அதற்கு அப்பால் டர்போத் தண்டின் சுழற்சி எகிறும், வளி கூடாது, வெப்பம் மட்டும் கூடும்.

பலர் 16.1 இறாத்தலை அப்படியே கிடை அச்சில் வைத்துவிடுவார்கள். மலையகத்தில் அது பிழை. வரைபடத்தின் கிடை அச்சு ஒரு குறிப்பிட்ட உள்வாயில் அமுக்கத்துக்கும் வெப்பநிலைக்கும் திருத்திய ஓட்டம். காரட் (Garrett) என்ற டர்போ நிறுவனத்தின் வரைபடங்களில் அது ஏறத்தாழ 96 கிலோபாஸ்கல், 29 பாகை செல்சியஸ். உங்கள் ஊரின் வளியை அதற்கு மாற்ற வேண்டும்:

திருத்திய ஓட்டம் = உண்மை ஓட்டம் × √(உங்கள் தனி வெப்பநிலை ÷ 302.6) ÷ (உங்கள் உள்வாயில் அமுக்கம் ÷ 96.2)

நுவரெலியாவில் 18 பாகை என்றால்: 16.1 × 0.981 ÷ 0.80 = 19.7 இறாத்தல். ஹட்டனில் 22 பாகைக்கு ஏறத்தாழ 18.4. கொழும்பில் 30 பாகைக்கு 16.0.

இப்போது இரண்டு புள்ளிகளை வையுங்கள். கொழும்புப் புள்ளி: 16.0, 1.67. நுவரெலியாப் புள்ளி: 19.7, 2.10. மலை ஏறும்போது புள்ளி மேலேயும் போகிறது, வலப்பக்கமும் போகிறது. கொழும்பில் நடுத்தீவில் சுகமாக உட்கார்ந்திருந்த சின்ன டர்போ, நுவரெலியாவில் வலது ஓரத்தில் மூச்சுமுட்டிக்கொண்டிருக்கும். ஒரே வளித் திணிவுக்கு வரைபடத்தில் 23 சதவீதம் கூடுதல் ஓட்டம் கேட்கிறோம். இதனால்தான் கடற்கரைப் பட்டியலைப் பார்த்து வாங்கிய டர்போ இங்கே மேல் சுற்றில் சோர்ந்துபோகிறது.

இன்னொரு புள்ளியும் வேண்டும். 3,000 சுற்றில் முழு பூஸ்ட் வந்துவிட்டது என்று கொள்ளுங்கள். நிரப்புத் திறன் 0.85 என்றால் உண்மை ஓட்டம் 7.2 இறாத்தல், நுவரெலியாவுக்குத் திருத்தினால் 8.9. விகிதம் அதே 2.10. இந்தப் புள்ளி சர்ஜ் கோட்டுக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். "எதிர்காலத்துக்கு இருக்கட்டும்" என்று பெரிய கம்பிரசர் வாங்கியவர்களின் புள்ளி இங்கேதான் கோட்டைத் தாண்டி இடப்பக்கம் விழும். தலவாக்கலைப் பக்கம் அப்படி ஒரு காரில் உட்கார்ந்து போயிருக்கிறேன். மூன்றாம் கியரில் மேட்டில் மிதித்தால், போனெட்டுக்கு அடியில் புறா குமுறுவது போல ஒரு சத்தம் விட்டுவிட்டு வரும். ஓட்டிய தம்பி அது நல்ல சத்தம் என்று நினைத்துச் சிரித்தான். அந்தச் சத்தத்தின் ஒவ்வொரு குமுறலும், தண்டு முன்னும் பின்னும் நகராமல் தாங்கும் தள்ளுபேரிங்கில் விழும் அடி.

நான் பார்க்கும் வரிசை இது: முதலில் மிக உயர்ந்த ஊரின் உச்சப் புள்ளி வலது எல்லைக்கு உள்ளே வருகிறதா. பிறகு 3,000 சுற்றுப் புள்ளி சர்ஜ் கோட்டுக்கு வெளியே நிற்கிறதா. கடைசியாகத்தான் திறன் வளையம். முதல் இரண்டில் தோற்ற டர்போ, திறனில் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம்.

7. டர்பைன் பக்கம்

கம்பிரசர் எவ்வளவு வளி தரும் என்பதைச் சொல்கிறது. புகையால் சுழலும் பக்கமான டர்பைன், அந்த வளி எப்போது வரும் என்பதைச் சொல்கிறது. மலையக வீதியில் "எப்போது" என்பதுதான் காரை ஓட்டக்கூடியதா இல்லையா என்று தீர்மானிக்கும்.

றம்பொடை ஏற்றத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் கியர், வளைவின் நடுவில் எஞ்சின் 2,200 சுற்றில் இருக்கும். முன்னால் பஸ். வளைவை விட்டு வெளியே வந்ததும் மிதிக்கிறீர்கள். அந்த நேரத்தில் இழுவை வர வேண்டும். 4,000 சுற்றில் வரும் டர்போ என்றால், வரும்போது அடுத்த வளைவு வந்துவிடும்.

இங்கேயும் உயரம் எதிராகவே வேலை செய்கிறது. பூஸ்ட் தொடங்கும் வரைக்கும் எஞ்சின் ஐதான வளியைத்தான் இழுக்கிறது. நுவரெலியாவில் வெளிவரும் புகையின் திணிவும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்பைனைச் சுழற்றுவது அந்தப் புகை. ஆகவே கொழும்பில் 2,600இல் எழும்பும் டர்போ இங்கே இன்னும் தாமதமாகவே எழும்பும்.

அதனால் கம்பிரசரை ஓரளவு தாராளமாகவும் டர்பைன் ஹவுசிங்கை, அதாவது டர்பைனைச் சுற்றியுள்ள கூட்டை, சற்று இறுக்கமாகவும் எடுக்கச் சொல்கிறேன். அந்தக் கூட்டின் புகைவழிப் பரப்பை, சக்கர மையத்திலிருந்து அதன் தூரத்தால் வகுத்த ஏ/ஆர் எண் சிறியதாக இருந்தால் புகை வேகமாகப் பாய்ந்து சக்கரத்தைச் சீக்கிரம் சுழற்றும். மிட்சுபிஷி வகைகளில் இதே அளவைச் சதுர சென்டிமீற்றரில் சொல்வார்கள். 1.6 லீற்றர் தெருக் காருக்கு 0.4ஐ ஒட்டிய ஏ/ஆரில் தொடங்குங்கள். 0.64க்குப் போக ஒரு நல்ல காரணம் வேண்டும்.

இறுக்கினால் அதற்கு விலை உண்டு. மேல் சுற்றில் புகை வெளியேற வழியின்றி எதிரமுக்கம் ஏறும். டர்பைனுக்கு முன்னே உள்ள ஒக்சிஜன் சென்சர் துளையில் செப்புக் குழாய் வைத்து அளந்து பாருங்கள். பூஸ்ட்டின் இரண்டு மடங்கைத் தாண்டினால் ஹவுசிங் சிறியது.

8. வரைபடம் இல்லாத பழைய டர்போ

உண்மையைச் சொன்னால் நம்மில் பலர் வாங்குவது ஜப்பானில் இருந்து வந்த பழைய சாமான். அதற்கு வரைபடம் தேடிக் கிடைக்காமல் போகலாம். அப்போது ஒரு குறுக்குவழி: அது எந்த எஞ்சினில் வந்தது, அந்த எஞ்சின் எத்தனை குதிரைவலு என்று பாருங்கள். உற்பத்தியாளர் அந்த டர்போவைச் சமநிலத்தில் எவ்வளவுக்கு நம்பினார் என்பதற்கு அதுவே சாட்சி.

ஸ்டார்லெட் 4ஈ-எஃப்டிஈ எஞ்சினின் சிடி9 டர்போவை எடுங்கள். 1.3 லீற்றர், 135 குதிரைவலு. 9.3ஆல் வகுத்தால் ஏறத்தாழ 14.5 இறாத்தல். நமக்கு நுவரெலியாவில் 19.7 வேண்டும். எட்டாது. கொழும்பில் மட்டும் ஓடி, 130 குதிரைவலுவோடு திருப்திப்பட்டால் அழகான டர்போ அது.

மறுபக்கம், சில்வியாவின் எஸ்ஆர்20 எஞ்சினில் வந்த டி28. 2 லீற்றரில் 220 குதிரைவலுவுக்கு மேல். வளி தாராளம். ஆனால் 1.6இல், மெல்லிய வளியில், கொண்டை ஊசி வளைவில் அது விழித்தெழும்பப் பொறுமை வேண்டும்.

சுபாரு 2 லீற்றர் டபிள்யூஆர்எக்ஸில் 227 குதிரைவலுவுக்கு வந்த டிடி04எல் இந்த இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. என் உதாரணக் காருக்கு நான் தேடுவது அந்தக் குடும்பத்தைத்தான்.

கையில் எடுத்ததும் செய்ய வேண்டியவை: தண்டின் மூக்கைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். கைக்கு அசைவு தெரிந்தால் கீழே வைத்துவிடுங்கள், தள்ளுபேரிங் முடிந்துவிட்டது. பக்கவாட்டில் சிறிது ஆடும். எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் பேரிங் என்றால் அது இயல்பு. ஆனால் ஒரு பக்கம் தள்ளிப் பிடித்தபடி சுழற்றும்போது இலைகள் ஹவுசிங்கில் உரசக் கூடாது. டோர்ச் அடித்து இலைகளின் விளிம்பைப் பாருங்கள். பல்லுப் பல்லாகத் தேய்ந்திருந்தால் ஃபில்டர் இல்லாமல் ஓடிய சாமான். பூஸ்ட் அளவுக்கு மீறாமல் மிச்சப் புகையை டர்பைனைச் சுற்றி வெளியேற்றும் கதவான வேஸ்ட்கேட்டின் துவாரத்தைச் சுற்றி மயிரிழை வெடிப்பு பழையவற்றில் சாதாரணம். வெளிப்புறம் வரை ஓடிய வெடிப்பு சாதாரணமல்ல.

வேர்னியர் இடுக்கிமானி ஒன்றும் கொண்டுபோங்கள். கம்பிரசர் சக்கரத்தின் வாய் விட்டத்தையும் பெரிய விட்டத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒட்டியிருக்கும் தகட்டில் ஒன்றும் உள்ளே இருக்கும் சக்கரம் வேறொன்றுமாக இருப்பதை நான் இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

9. "இங்கே குளிர்தானே, இன்டர்கூலர் எதற்கு?"

இந்தக் கேள்வி வராத மாதமில்லை. கணக்கே பதில் சொல்லட்டும். 70 சதவீதத் திறனில் ஓடும் கம்பிரசர், கொழும்பில் 30 பாகை வளியை விகிதம் 1.67க்கு அமுக்கினால் வெளியே வருவது ஏறத்தாழ 98 பாகை. நுவரெலியாவில் 18 பாகை வளியை 2.10க்கு அமுக்கினால் 116 பாகை. வெளியே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருக்கிறோம், குழாய்க்குள்ளே கொழும்பைவிடச் சூடு. டர்போ சிறிதாகி, திறன் 60க்கு விழுந்தால் அது 130ஐத் தாண்டும்.

இன்டர்கூலர் வேண்டும். மலையில் கார் மெதுவாகத்தான் ஏறும் என்பதால் முன்பக்கம், நேராகக் காற்றுப்படும் இடத்தில் வையுங்கள்.

10. பெற்றோலும் கணினியும்

150 குதிரைவலுவுக்கு, 80 சதவீதம் திறந்த நிலையில், ஒவ்வோர் இன்ஜெக்டரும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 270 சிசி தர வேண்டும். டர்போ இல்லாத காரின் இன்ஜெக்டர் இதற்குப் பற்றாது. பம்பும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும்.

மெனிஃபோல்ட் அமுக்க சென்சரும் அப்படியே. டர்போ இல்லாத காரின் சென்சர் ஒரு வளிமண்டலத்துக்கு மேல் படிக்காது. அதற்கு மேல் ஏறுவதைக் கணினி அறியவே அறியாது. 250 அல்லது 300 கிலோபாஸ்கல் வரை படிக்கும் சென்சரும் அதைப் புரிந்துகொள்ளும் கணினியும் வேண்டும். பொருத்தியதும் எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி எண்ணைப் பாருங்கள். ஹட்டனில் 87ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். 101 காட்டினால் சென்சரின் அளவுத்திட்டம் தவறாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதை விட்டுவிட்டு டியூன் செய்தால் எல்லா எண்ணும் பொய்யாகிவிடும்.

11. வேஸ்ட்கேட்: மலையில் பூட்டி, கொழும்பில் உடைத்த கதை

இந்தப் படியை என் சொந்தத் தவறிலிருந்து எழுதுகிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு காரை நுவரெலியாவில் வைத்து 10 பீஎஸ்ஐக்கு அமைத்துக் கொடுத்தேன். இழுவை அருமை. இரண்டு வாரம் கழித்து அவர் கலியாண வீடொன்றுக்குக் கொழும்புக்குப் போனார். பகல் வெயில், தாங்கியில் 92. அன்று மாலையே தொலைபேசி வந்தது. கழற்றிப் பார்த்தால் மூன்றாம் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு நொறுங்கியிருந்தது. செலவில் பாதியை நான் கொடுத்தேன். முழுவதையும் கொடுத்திருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். வேஸ்ட்கேட் ஸ்பிரிங் வெளி வளிக்கும் பூஸ்ட்டுக்கும் இடையிலான வித்தியாசத்தைத்தான் பிடித்துவைக்கிறது. நுவரெலியாவில் 10.3 என்றால் 81உடன் 71 சேர்ந்து 152. அதே ஸ்பிரிங் கொழும்பில் 101உடன் 71ஐச் சேர்த்து 172 ஆக்கிவிடும். 13 சதவீதம் கூடுதல் வளி, வெயிலில் சூடான வளி வேறு. பெற்றோல் கலவை சூட்டில் தானாகவே வெடிக்கும், நொக்கிங் என்று சொல்லும் தட்டல் தொடங்க இதுவே போதும். ஓட்டுபவர் பூஸ்ட் மானியைப் பார்த்தால் வழக்கமான எண்தான் தெரியும்.

ஆகவே ஸ்பிரிங்கை நீங்கள் போகும் மிகத் தாழ்ந்த ஊருக்குத் தேர்ந்தெடுங்கள். என் உதாரணத்தில் 7 பீஎஸ்ஐ. மலையில் தேவைப்படும் மிச்சத்தை, தனி அமுக்கத்தைப் பார்த்துக் கட்டுப்படுத்தும் மின்னணு பூஸ்ட் கட்டுப்பாட்டைக் கொண்டு ஏற்றுங்கள். கையால் திருகும் சாதாரண வால்வு மட்டும் இருந்தால், அதையும் தாழ்ந்த ஊருக்கே வைத்துவிட்டு, மலையில் கொஞ்சம் வலு குறைவதை ஏற்றுக்கொள்ளுங்கள். கினிகத்தேனையில் நிறுத்தித் திருகிக்கொள்கிறேன் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒருநாள் மறந்துவிடுவார்கள்.

12. பொருத்திய பிறகு முதல் ஓட்டம்

எண்ணெய் வடியும் குழாய் வளைவில்லாமல் கீழ்நோக்கி இறங்கி, ஆயில் பேனில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். காரைச் செங்குத்தான ஏற்றத்தில் மூக்கு மேலே இருக்க நிறுத்தியும் பாருங்கள். சமநிலத்தில் சரியாக வடியும் குழாய் அங்கே தேங்கி, டர்போ சீலைத் தாண்டி நீலப் புகை வரும். சீல் போய்விட்டது என்று டர்போவைக் குறை சொல்வார்கள்.

முதல் தடவை பிளக் வயர்களைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அமுக்க விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் சுழற்றுங்கள். காய்ந்த பேரிங்கோடு டர்போ சுழலக் கூடாது.

முதலில் ஸ்பிரிங் பூஸ்ட்டில் மட்டும் ஹட்டனைச் சுற்றி ஓட்டுங்கள். கலவை மானி, தட்டல், வெப்பம் மூன்றையும் குறித்துக்கொள்ள இன்னொருவர் பக்கத்தில் இருக்கட்டும். ஓட்டுபவரே வளைவில் மானியைப் பார்க்க முடியாது. பிறகு அவிசாவளைக்கு இறங்குங்கள். ஏறத்தாழ கடல் மட்டத்துக்கு வந்துவிடலாம். அங்கே மானி எண்ணையும் தனி அமுக்க எண்ணையும் மீண்டும் எழுதுங்கள். தனி அமுக்கம் 152ஐத் தாண்டினால் அங்கேயே குறைக்க வேண்டும். கடைசியாக நுவரெலியா வரை ஏறி அதே இரண்டு எண்களை மூன்றாம் முறை எழுதுங்கள்.

ஏற்றம் முடிந்து தேநீருக்கு நிறுத்தினால், எஞ்சினை ஓரிரு நிமிடம் ஐட்லில் ஓடவிட்டு அணையுங்கள். சிவக்கச் சூடான டர்பைனுக்கு எண்ணெயோட்டம் திடீரென்று நின்றால், எண்ணெய் பேரிங்கிலேயே கரியாகிவிடும்.

500 கிலோமீற்றர் ஓடியதும் மெனிஃபோல்ட் நட்டுகளை மீண்டும் இறுக்குங்கள். எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு, காலையில்.